நாற்பத்தைந்து: வானம் தெரியவில்லை

வானத்தைப் பொறுத்தவரை எனக்கும் என் கணவருக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. மற்ற விஷயங்களில் மட்டும் ஒத்துப்போனதா என்று கேட்டால், அதற்குத் தனியாக ஒரு கதை எழுத வேண்டும். நான் வானிலை நிலையத்தில் பதிவாளர். இருபத்தாறு வருடமாக மேகத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன். அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். பகலெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, அடுத்தவர் செய்யப்போகும் தப்புக்காகக் காத்திருப்பது அவர் வேலை. பழகியவர்களுக்கு அவர் பிரேக் மாஸ்டர். விடிவதற்கு முன்னால் வீட்டுப் பின்பக்கம் தொலைநோக்கியோடு உட்கார்ந்துவிடுவார்.

மழை பெய்து ஓய்ந்து, காற்றடித்து, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தால் அதை நான் நல்ல வானம் என்பேன். அவர் வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு, "உருப்படாத வானம்" என்று சொல்லித் திரும்பவும் வந்து படுத்துக்கொள்வார். நட்சத்திரம் மினுக்குகிறது என்றால் மேலே காற்று நிலையில்லாமல் அலைகிறது என்று அர்த்தமாம். அந்த மாதிரி நாளில் தொலைநோக்கியில் கிரகத்தைப் பார்த்தால், கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு மாதிரி நெளியுமாம். அவருக்குப் பிடித்த நாளே வேறு. காற்று செத்துக் கிடக்க வேண்டும். லேசாக மூட்டம் இருந்தாலும் பரவாயில்லை. துவைத்த துணி இரண்டு நாளாகியும் காயவில்லையே என்று நான் கரித்துக்கொட்டும் நாளில் அவர் முகம் மலர்ந்திருக்கும். தொலைநோக்கிக் கண்ணாடியில் பனி இறங்குவது ஒன்றுதான் தொல்லை. அதற்கு என் ஹேர் டிரையரை எடுத்துக்கொண்டு போவார். அதை என்னுடையது என்று சொல்வதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன்.

கேமரா கிடையாது. "போட்டோ எடுத்தா மிஷின்தானே பாக்குது? அப்புறம் நான் எதுக்குக் குளிர்ல உக்காரணும்?" என்பார். பென்சிலால் வரைவார். ஒரு வானியல் சங்கத்தில் முப்பது வருடமாக உறுப்பினர். வரைந்ததை மையால் இன்னொரு தாளில் நகலெடுத்து, கீழே தேதி, நேரம், காற்று எவ்வளவு நிதானம் என்பதற்கு ஐந்துக்கு ஒரு மதிப்பெண் எல்லாம் எழுதி, தபாலில் அனுப்புவார். எதிலும் அவசரப்படாத மனிதர். ஐந்து மதிப்பெண் போட்டு நான் பார்த்தது மொத்தம் மூன்று படத்துக்கு. அவரிடம் வண்டி ஓட்டப் படித்தவர்களைக் கேட்டால், அந்த மூன்றுகூட அதிகம் என்பார்கள்.

மூன்றாவது ஐந்து மதிப்பெண்தான் வினையாகப் போனது.

எங்கள் வீடு நிலையத்து ஊழியர் குடியிருப்பில் கடைசி வீடு. எங்கள் பின்பக்கச் சுவரும் நிலையத்தின் சுவரும் ஒரே சுவர். அன்று எனக்கு இரவு டூட்டி. காலை ஆறரைக்கு வீட்டுக்கு வந்தால், அவர் சமையலறை மேடையில் படத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார். மேலெல்லாம் பனி ஈரம். தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கிடக்கிறது.

"வியாழன்ல கறுப்பா ஒரு புள்ளி. தெற்கால. இதுக்கு முன்னால அங்க அப்படி ஒண்ணு கிடையாது. ஏதோ ஒண்ணு போய் மோதியிருக்கணும்னு நினைக்கிறேன்."

"அதோட நிலா ஏதாவது நிழல் போட்டிருக்கும்" என்றேன். இருபத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தினால் இந்த அளவுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

"அட்டவணையைப் பாத்துட்டேன். அந்த நேரத்துல எந்த நிலாவோட நிழலும் இல்ல. அஞ்சு பத்துலேர்ந்து அஞ்சு முப்பத்தஞ்சு வரைக்கும் பாத்தேன். மெல்லிசா மூடுபனி. காத்து ஒரு இழைகூட அசையல. கல்லுல வெட்டின மாதிரி நின்னுச்சு."

"ம்" என்று சொல்லிவிட்டு நான் தூங்கப் போனேன்.

அதற்கப்புறம் ஒன்பது நாள் வானம் மூடிக்கொண்டது. எங்களுக்கு மட்டும் இல்லை, சங்கத்து ஆட்கள் இருக்கும் எல்லா ஊரிலும் அதே கதி. பத்தாம் நாள் திறந்தபோது வியாழனில் புள்ளி இல்லை. கலைந்து போயிருக்கும் என்றார். மையிட்ட படத்தை அதற்குள் அனுப்பியிருந்தார்.

பதில் ஒரு மாதம் கழித்து வந்தது. சங்கத்துச் செயலாளர் தங்கமான மனிதர், யார் மனமும் கோணாமல் எழுதுகிறவர். தாங்கள் அனுப்பிய படத்தை ஆண்டு மலரில் சேர்க்க இயலவில்லை என்று ஆரம்பித்து, குறிப்பிட்ட நாளில் அதிகாலை ஐந்தரை மணிக்குத் தங்கள் ஊர் வானிலைப் பதிவில் நாற்பத்தைந்து, அதாவது மூடுபனி, வானம் தெரியவில்லை, என்று இருப்பதைச் சுட்டிக்காட்டி, தங்கள் நினைவில் சிறு பிசகு நேர்ந்திருக்கலாம் எனக் கருதுகிறோம் என்று முடித்திருந்தார்.

பொய் என்று எழுதியிருந்தால் இவர் அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சண்டை போட்டிருப்பார். பிசகு என்ற வார்த்தைதான் அவரை உட்காரவைத்தது. காரணம் இருக்கிறது. என் மூத்தார், அதாவது இவருடைய அண்ணன், அறுபது வயதில் இல்லாததைப் பார்க்க ஆரம்பித்தார். காலி நாற்காலியைக் காட்டி, "வந்தவரை எவ்வளவு நேரம் சும்மா உக்கார வைப்பீங்க, குடிக்க ஏதாவது குடுங்க" என்பார். முதலில் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மூன்றே வருடத்தில் தன் மனைவியை யாரென்று கேட்டார். என் கணவருக்கு இப்போது ஐம்பத்தொன்பது.

கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"அன்னிக்கு டூட்டி நீதானே?"

"ஆமா."

"நாற்பத்தஞ்சு போட்டது நீதானே?"

"ஆமாங்க."

"அப்போ சரி" என்றார்.

அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நான் வாயைத் திறந்திருக்க வேண்டியது அந்த இடத்தில். திறக்கவில்லை.

என்ன நடந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் எங்கள் நிலையத்தில் வெப்பம், ஈரம், காற்று எல்லாம் கம்பி வழியாக வந்து திரையில் எண்ணாக நிற்கும். மேகத்துக்கும் மூடுபனிக்கும் மட்டும் மனுஷக் கண் வேண்டும். ஐந்தரைப் பதிவுக்கு ஐந்து இருபதுக்கே வெளியே போக வேண்டும். வாசல் விளக்கின் வெளிச்சத்தைத் தாண்டி, பின்னால் கருவிகள் இருக்கும் புல்வெளிக்குப் போய், கண் இருட்டுக்குப் பழகும் வரை நின்று, நேர் மேலே பார்க்க வேண்டும். மூடுபனியில் இது முக்கியம். எதிரே நூறு அடியில் நிற்கும் ஆள் தெரியமாட்டான், தலைக்கு மேலே நட்சத்திரம் பளிச்சென்று தெரியும். பனி தரையோடு தவழும் நாளில் அப்படித்தான். வானம் தெரிந்தால் நாற்பத்து நான்கு, தெரியாவிட்டால் நாற்பத்தைந்து. வித்தியாசம் ஒரே ஒரு எண்.

அன்று நான் வெளியே போகவில்லை. உடம்பு சரியில்லை, அவசர போன் வந்தது என்றெல்லாம் கதை கட்ட எனக்குத் தெரியும். அப்படி எதுவும் இல்லை. குளிராக இருந்தது, டீ சூடாக இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். வாசல் விளக்கைச் சுற்றி வெள்ளையாக அப்பிக்கிடந்தது. நாற்பத்தைந்து என்று எழுதிவிட்டு மிச்சம் டீயைக் குடித்தேன். சோம்பல், அவ்வளவுதான். அதே நேரத்தில், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், என் கணவர் வியாழனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது நான்தான். ஜன்னல் வழியே வானம் பார்க்காதே என்பது என் முதல் பாடம். போன வருடம் ஒரு பெண், பாவம், வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, உட்கார்ந்த இடத்திலிருந்தே மேகத்தை எழுதினாள். கையும் களவுமாகப் பிடித்து, மெமோ கொடுத்து, அவளுடைய பணி நிரந்தரத்தை ஆறு மாதம் தள்ளிவைத்தேன். அவள் இன்னும் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறாள். நான் வாயைத் திறக்காததற்கு அவள்தான் காரணம் என்று சொல்லலாம். ஆனால் அது பூசி மெழுகுவது. எனக்குக் கௌரவம் போய்விடும் என்று பயம். இரண்டு நாளில் இவர் மறந்துவிடுவார் என்றும் நினைத்தேன். ஒரு புள்ளிக்காக ஒரு மனுஷன் எவ்வளவு நாள் உட்கார்ந்திருப்பான்?

மறுநாள் காலை டிரைவிங் ஸ்கூல் காரின் சாவியைத் தம்பி மாஸ்டரிடம் கொடுத்தார். தம்பி மாஸ்டர் என்பது அவரிடம் வேலை செய்யும் இன்னொரு பயிற்சியாளர். சொந்தத் தம்பி இல்லை. "கொஞ்ச நாளைக்கு என்கிட்ட ஓட்டக் கத்துக்கிற பசங்களையும் நீயே பாத்துக்கோ" என்றார். ஏன் என்று கேட்டதற்கு இடுப்பு வலி என்றார். என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். "இல்லாததைப் பாக்கிறவன் பிரேக்குல கால் வைக்கக் கூடாது. ரோட்டுல யாரோ குறுக்கே வர்றதா நினைச்சு மிதிச்சுட்டா, பின்னால வர்ற லாரிக்காரன் என்ன பண்ணுவான்?"

மூன்றாம் நாள் கண் டாக்டரிடம் போனார். சந்தோஷமாகத் திரும்பி வருவார் என்று நான் இருந்தேன். வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"கண்ணு நல்லா இருக்காம். இந்த வயசுல இவ்வளவு நல்ல கண்ணைப் பாத்ததே இல்லைங்கறார்."

"அப்புறம் என்னங்க?"

"கண்ணு நல்லா இருந்தா, கெட்டது வேற எங்கயோதானே?" என்று தலையைத் தொட்டுக் காட்டினார்.

அதன் பிறகு அவர் தன்னைத்தானே கண்காணிக்க ஆரம்பித்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்பார்களே, அப்படி. நேற்று என்ன சாப்பிட்டோம் என்று எழுதிவைத்து, மறுநாள் பார்க்காமல் சொல்லிப் பார்ப்பார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பார். முப்பது வருட நோட்டுகளை இறக்கிவைத்துக்கொண்டு, கையெழுத்து எங்கே மாறியிருக்கிறது என்று தேடுவார். ஏழாம் நாள் மத்தியானம் நான் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன், கூடத்திலிருந்து குரல் வந்தது.

"இங்க கொஞ்சம் வாயேன்."

போனேன். ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"கேட்டுக்கு வெளியே யாராவது நிக்கிறாங்களா?"

எட்டிப் பார்த்தேன். சிவப்புச் சட்டை, ஹெல்மெட், கையில் ஒரு பெட்டி. "நிக்கிறாங்க. கூரியர்."

"சிவப்புச் சட்டையா?"

"சிவப்புச் சட்டைதான்."

அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். கூரியர்காரர் மூன்றாவது முறையாக மணியடித்தார். நான் போய்க் கையெழுத்துப் போட்டுப் பெட்டியை வாங்கினேன். பெட்டிக்குள் நான் ஆர்டர் செய்த குக்கர் கைப்பிடி. என்ன ஜென்மம் நான் என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. இருந்தும் அன்றைக்கும் சொல்லவில்லை. ஏழு நாள் சொல்லாமல் இருந்தால், எட்டாம் நாள் சொல்வதற்கு எட்டு மடங்கு தைரியம் வேண்டியிருக்கிறது.

பதினோராம் நாள் காலையில் அவர் உட்கார்ந்து கடிதம் எழுதினார். முடித்ததும் என்னிடம் கொடுத்தார். பிழை இருக்கிறதா என்று பார்க்கவாம். அந்த ஒரு படத்தைத் திரும்பப் பெறுவதோடு நிற்கவில்லை. கடந்த இரண்டு ஆண்டுகளில் நான் அனுப்பிய படங்கள் எதையும் நம்ப வேண்டாம், எப்போதிருந்து பிசகு ஆரம்பித்தது என்று எனக்கே தெரியாது என்று எழுதியிருந்தார். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

"ஸ்கூலையும் தம்பிகிட்டயே குடுத்துடலாம்னு பாக்கிறேன். சாயங்காலம் வரச் சொல்லிப் பேசிடறேன். இதை நாளைக்குத் தபால்ல போட்டுடலாம்."

"இன்னிக்குப் போடாதீங்க" என்றேன்.

"ஏன்?"

"நான் ஆபீஸ் போயிட்டு வந்துடறேன்."

அன்று எனக்கு டூட்டி இல்லை. அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் தான் கிழமையை மறந்துவிட்டதாக நினைத்திருப்பார்.

நான் போட்ட திட்டத்தைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பதிவேட்டை எடுத்து நாற்பத்தைந்தை நாற்பத்து நான்காகத் திருத்துவது. வீட்டுக்கு வந்து, "எழுத்துப் பிழைங்க, இன்னிக்குத்தான் கண்ணுல பட்டுது" என்று சொல்வது. அவருக்கு உயிர் வரும், எனக்கு மானம் நிற்கும். ஆண்டு மலரில் படமும் வரும்.

நிலையப் பொறுப்பாளர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். விஷயத்தைச் சொன்னேன், முழுதாகவே சொன்னேன். அவர் பதற்றப்படவில்லை.

"இவ்வளவுதானே மேடம்? நாற்பத்து நாலுன்னு மாத்திடுங்க. ஒரு கோடு, ஒரு கையெழுத்து. சார் பாத்திருக்காரே, அப்போ வானம் தெரிஞ்சிருக்குன்னுதானே அர்த்தம்?"

பதிவேட்டில் திருத்தத்துக்கு முறை இருக்கிறது. பழைய எண்ணை அழிக்கக் கூடாது. படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு, மேலே சிவப்பு மையில் புது எண், பக்கத்தில் காரணம், தேதி, கையெழுத்து. கோட்டைப் போட்டேன். மேலே ஒரு நான்கும் எழுதினேன். இரண்டாவது நான்கை எழுதக் கை வரவில்லை.

நான் பார்க்கவே இல்லையே. நாற்பத்தைந்து எழுதியபோதும் பார்க்கவில்லை, நாற்பத்து நான்கு எழுதும்போதும் பார்க்கவில்லை. அவர் படத்தை நம்பி நான் எண்ணை மாற்றினால், அந்த எண்ணைக் காட்டி அவர் படத்தை எப்படி நம்பச் சொல்வது? முதல் தடவை சோம்பலில் ஒரு பொய். இது பாசத்தில் இன்னொன்று. என் கணவரை எனக்குத் தெரியும். சாட்சி கிடைத்தது என்று அவர் சந்தோஷப்படுவார். அது பொய்ச் சாட்சி என்று தெரியாமலே சந்தோஷப்படுவார்.

கண்ணால் பார்க்காத இடத்தில் எழுத எங்களுக்கு ஒரு குறி உண்டு. எண்ணுக்குப் பதில் இரண்டு சாய்கோடு. பார்க்கப்படவில்லை என்று பொருள். எழுதிய அந்த ஒற்றை நான்கையும் அடித்துவிட்டு அதன் மேல் இரண்டு சாய்கோடு போட்டேன். காரணம் என்ற இடத்தில், பதிவாளர் வெளியே சென்று பார்க்கவில்லை என்று எழுதினேன்.

பொறுப்பாளர் எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க? விளக்கு வெளிச்சத்தால வானம் தெரியலன்னு எழுதுங்களேன்."

"விளக்கு என்ன பண்ணுச்சு? அது பாட்டுக்கு எரிஞ்சுது" என்றேன். அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொண்டு கிளம்பினேன். முன்னறையில், நான் மெமோ கொடுத்த அந்தப் பெண் என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். உட்காரு என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியதை வேறொரு நாள்தான் அவளிடம் சொன்னேன்.

வீட்டில் அவர் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். உறையின் மேல் முகவரி எழுதியாகிவிட்டது. நகலை அவர் முன்னால் வைத்தேன். 

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தினார்.

"பாக்கவே இல்லையா?"

"இல்லங்க. ஜன்னல் வழியாத்தான் பாத்தேன். வெளிய போகல."

"ஏன்?"

"சோம்பல்."

தலையை ஆட்டினார். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. தினமும் கிளட்சை மிதிக்க மறக்கிறவர்களோடு இருப்பவர்.

"இதால உங்க படத்துக்கு ஒரு லாபமும் இல்லங்க. தெரிஞ்சுதுன்னு நான் எழுத முடியாது. தெரியலன்னும் இனிமே யாரும் சொல்ல முடியாது."

"சரி."

"நீங்க பாத்தது பாத்ததுதான். உங்களுக்கு ஒண்ணும் இல்ல."

அவர் விரல் கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதியில் நின்றிருந்தது.

"இன்னிக்குத் தேதி."

"ஆமா."

"கடுதாசி வந்து பதினோரு நாள் ஆச்சு."

"ஆமாங்க."

"நான் உன்கிட்ட கேட்டேனே, அன்னிக்கே. அப்பவே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"கண் டாக்டர்கிட்ட போனப்ப?"

"தெரியும்."

கூரியர்காரரைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இருந்தது. அவர் திட்டியிருந்தாலும் நான் தாங்கியிருப்பேன். உறையைக் கிழித்துக் கடிதத்தை வெளியே எடுத்து, நான்காக மடித்து, குப்பைக்கூடையில் போட்டார். பிறகு தம்பி மாஸ்டருக்கு போன் போட்டார்.

"சாயங்காலம் நீ வர வேண்டாம்ப்பா. நாளைக்குக் காலையிலேர்ந்து நானே வண்டிக்கு வந்துடறேன்... இடுப்பா? இடுப்பெல்லாம் சரியாப் போச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்."

போனை மேஜை மேல் வைத்தார்.

"எப்பவுமே நல்லாத்தான் இருந்திருக்கேன்" என்றார். அதை அவர் என்னிடம் சொன்னார்.